மேடையேறிய பொய்முடி



ஊரிலே செல்வாக்கும் சொல்வாக்கும் உள்ள ஒருவரைப் 'பெரிய தலை' என்று சொல்வது நம் வழக்கம். ஆங்கிலேயரும் அத்தகையவரைத் தலையோடு சேர்த்தே பேசுவர். ஆனால் அவர்கள் சுட்டுவது தலைக்கு மேலே இருப்பதை. 'பிக்விக்' என்பது அவர்களுடைய சொல். 'பெரிய பொய்முடி' என்பது அதன் நேர்ப்பொருள். ஒரு காலத்திலே இங்கிலாந்தில் மனிதனின் பெருமையை அவன் அணிந்த பொய்முடியின் பருமனைக் கொண்டு அளந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்று. பேச்சுவழக்கில் நாம் டோப்பா என்று சொல்லிச் சிரிக்கும் பொருள், அங்கே நீதியின் அடையாளமாகவும் அரசின் அடையாளமாகவும் நூற்றாண்டுகளாக வீற்றிருந்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பொய்முடிகளுள் ஒன்றைப் பற்றி. அது நீதிமன்றத்துக்காக அன்றி நாடக மேடைக்காகச் செய்யப்பட்டது. 1882 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் திகதி இலண்டன் சவோய் அரங்கிலே 'ஐயொலாந்தி' என்ற நகைச்சுவை இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியது. நாடகத்தை எழுதியவர் டபிள்யூ. எஸ். கில்பேர்ட், இசையமைத்தவர் ஆதர் சலிவன். அதிலே லோட் சான்சலர் என்னும் பாத்திரம் வருகிறது. அப்பாத்திரத்தின் தலையிலிருந்து தோளுக்கு இறங்கி மார்பின் இருமருங்கும் சுருள்சுருளாக வழிந்த நரைத்த பொய்முடியே இன்றைய உரையின் பொருள். இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு ஆங்கில மேடையின் பொய்முடியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். வேடம் எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான் என்ற வினா நாடகம் கற்பிக்கும் எவருக்கும் உரியது. அந்த வினாவுக்கு இந்தப் பொய்முடியைப் போலத் தெளிவாக விடை சொல்லும் பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலிலே வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஐரோப்பாவிலே ஆண்கள் பெரும் பொய்முடி அணியும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து அரசவையிலிருந்து பரவியது. பதின்மூன்றாம் லூயி மன்னனுக்கு இளமையிலேயே தலைமயிர் உதிர்ந்தது. அவன் பொய்முடி அணிந்தான். மன்னன் அணிந்ததை அவையோர் அணிந்தனர். அவன் மகன் பதினான்காம் லூயியின் காலத்திலே அது மாட்சிமையின் இலக்கணமாகிவிட்டது. நாடுகடந்து வாழ்ந்த இரண்டாம் சாள்ஸ் 1660 இல் இங்கிலாந்தின் அரியணைக்குத் திரும்பியபின், பிரெஞ்சு நாகரிகத்தோடு பொய்முடியும் இங்கிலாந்திலே வேரூன்றியது.

அக்காலத்து இலண்டன் வாழ்வைத் தம் நாட்குறிப்பிலே பதிந்துவைத்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1663 நவம்பரிலே தம் சொந்த மயிரைக் கத்தரித்துவிட்டுப் பொய்முடி அணியத் தொடங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை அதனோடு தேவாலயத்துக்குப் போகையில், ஊர்க்கண் முழுதும் தம்மீதே விழும் என்று அஞ்சினாராம். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1665 இல், இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியது. அப்போது பீப்ஸுக்கு வேறோர் அச்சம் பிறந்தது. நோயால் இறந்தவர்களின் தலையிலிருந்து வெட்டிய மயிராக இருந்தால் என்ன செய்வது என்று, வாங்கிவைத்த பொய்முடியை அணியவே தயங்கினார். பெருமைக்காகத் தலையில் ஏற்றும் பொருள் யாருடைய தலையிலிருந்து இறங்கியது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

நீதிபதிகள் இவ்விடயத்தில் பின்தங்கியே வந்தனர். 1680களின் தொடக்கம் வரை வரைந்த ஓவியங்களிலே பல நீதிபதிகள் தம் சொந்த மயிரோடுதான் காட்சியளிக்கின்றனர். பின்னர் அவர்களும் ஊரோடு ஒத்துப்போயினர். ஆக, நீதிபதி பொய்முடி அணிந்ததற்கு ஆதியிலே நீதியோடு தொடர்புடைய காரணம் எதுவும் இல்லை. கனவான்கள் எல்லோரும் அணிந்தனர், நீதிபதியும் கனவான், ஆகவே அவரும் அணிந்தார். அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், ஊர் அதைக் கழற்றிய பின்னும் நீதிமன்றம் கழற்றவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே நாகரிகம் மாறியது. 1795 இல் பிரதமர் பிட், மயிருக்குத் தூவும் மாவின்மீது வரி விதித்தார். ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், செலுத்தினால்தான் மாவு பூசலாம். போர்ச் செலவுக்காக வந்த இந்த வரியோடு மாவு பூசிய தலைகள் அருகத் தொடங்கின. 1830களிலே ஆயர்களுக்கும் பொய்முடியைக் களைய அனுமதி கிடைத்தது. எஞ்சியோர் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும், பெருவீட்டு வண்டியோட்டிகளும் ஏவலரும் போன்ற சிலருமே. எல்லோரும் அணிந்தபோது அது உடை. சிலர் மட்டும் அணிந்தபோது அது சின்னமாயிற்று. நாகரிகத்தின் எச்சம் நீதியின் இலச்சினையான கதை இதுதான்.

இந்தச் சின்னத்தின் ஆயுளை நீட்டித்தவர் ஒரு கைவினைஞர். 1822 இலே ஹம்பிரி ரேவன்ஸ்குரொப்ட் என்ற இலண்டன் பொய்முடிக்காரர், வெண்மையாக்கிய குதிரைமயிரினால் நீதிமன்றப் பொய்முடி செய்யும் முறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் பொய்முடியைப் பேணுவது பெரும் தொல்லை. கொழுப்புத் தைலம் பூசவேண்டும், மாவு தூவவேண்டும், குலைந்த சுருள்களை மீண்டும் மீண்டும் சுருட்டவேண்டும். குதிரைமயிருக்கு இவை வேண்டியதில்லை. ஒருமுறை சுருட்டினால் சுருள் நிற்கும். தந்தை அணிந்ததை மகனும் அணியலாம். பழுப்பேறிய பழம்பொய்முடி அணிந்தவர் அனுபவசாலி என்று மதிக்கப்பட்டதும் உண்டு.

பொய்முடி செய்யும் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தலையின் சுற்றளவையும், நெற்றியிலிருந்து பிடரி வரையிலான நீளத்தையும், காதுக்குக் காதுள்ள அகலத்தையும் முதலில் அளப்பர். அந்த அளவுக்கேற்ற மரத்தலை ஒன்றின்மீது வலையும் நாடாவும் கொண்டு கூடு கட்டுவர். இரண்டு கம்புகளுக்கிடையே இழுத்துக் கட்டிய பட்டு நூல்களில் மயிரைச் சிறுசிறு பிடியாகப் பின்னிச் சரமாக்கி, அச்சரங்களைக் கூட்டின்மேல் வரிசை வரிசையாகத் தைப்பர். பின்னிய மயிரைக் களிமண் குழல்களிலே சுற்றி நீரில் அவித்து உலர்த்திச் சுருளை நிலைக்கச் செய்வது பழைய முறை. மேடைக்கான பொய்முடியிலே நெற்றியோரத்தைத்தான் மிகக் கவனமாகச் செய்வர். கொக்கி போன்ற நுண்ணிய ஊசியால் ஓரிரண்டு மயிராக வலையிலே முடிச்சிடுவர். அது பொய்முடி என்று பார்வையாளனுக்குத் தெரிந்துவிடக்கூடாது; சொந்தத் தலையிலே முளைத்தது போல இருக்கவேண்டும். அதிலேதான் அத்தொழிலின் மானம் தங்கியிருக்கிறது.

நமது லோட் சான்சலரின் பொய்முடி இந்த விதிக்கு முற்றிலும் விலக்கானது. மேடையிலே ஒரு கிழவனுக்கு நரைமுடி வைத்தால், அது மயிராக நடிக்கிறது. லோட் சான்சலருக்கு வைக்கும் முடியோ பொய்முடியாகவே நடிக்கிறது! உண்மையான லோட் சான்சலரின் தலையில் இருப்பதும் பொய்முடிதான். அது அவருடைய சொந்த மயிர் என்று எவரும் நம்புவதில்லை. அவரும் நம்பச் சொல்வதில்லை. ஆகவே, பிரபுக்கள் சபையிலே அமர்ந்திருந்த உண்மைப் பொய்முடிக்கும் சவோய் மேடையிலே ஆடிய பொய்முடிக்கும் உண்மையிலும் பொய்மையிலும் அணுவளவு வேறுபாடும் இல்லை. ஒன்று மற்றதன் போலி என்று சொல்லவே இயலாது. கில்பேர்ட்டின் பகிடி முழுவதும் இந்த ஒரு நூலிலேதான் தொங்குகிறது.

கில்பேர்ட் இதை அறியாமல் செய்தவர் அல்லர். அவர் நாடகக்காரராவதற்கு முன்னர், 1860களிலே, சில ஆண்டுகள் பாரிஸ்டராக, நம்மவரின் பழைய வழக்கிலே சொல்வதானால் அப்புக்காத்தாக, இருந்தவர். வழக்குகள் அதிகம் வரவில்லை, வருமானமும் போதவில்லை. ஆனால் நீதிமன்றத்தின் நடையுடை பாவனைகளைத் தம் கண்ணாலே கண்டவர். 1875 மார்ச் 25 இல் அவரும் சலிவனும் தந்த 'யூரி விசாரணை' என்ற சிறு இசைநாடகம் முழுவதும் ஒரு நீதிமன்றத்திலேயே நிகழ்கிறது. அதிலே நீதிபதியாக நடித்தவர் இசையமைப்பாளரின் அண்ணன் பிரெட் சலிவன். அக்காலத்துப் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் கொக்பேர்ணின் சாயல் தெரியும்படி அவர் ஒப்பனை செய்துகொண்டார் என்பர். பிரதம நீதியரசரும் வந்து பார்த்தாராம். நீதியாசனத்தை மக்கள் இகழ இது வழிவகுக்குமோ என்று எண்ணி, மறுமுறை வருவதைத் தவிர்த்துக்கொண்டாராம்.

அக்காலத்து இலண்டன் பகிடி நாடகங்களிலே கோணங்கித் தொப்பியும் மிகைப்படுத்திய உடையும் மலிந்திருந்தன. கில்பேர்ட் அதை வெறுத்தார். நடிகன் தான் சொல்வது பகிடி என்று அறியாதவன்போல முழுமனத்தோடு நடிக்கவேண்டும். உடையிலும் ஒப்பனையிலும் மிகை கூடாது என்பது அவர் கொள்கை. 1877 இல் மேடையேறிய 'என்கேஜ்ட்' என்ற தம் நாடகத்தின் நடிகர்களுக்கு அவர் இதனை எழுத்திலேயே வலியுறுத்தினார். 1878 இல் 'எச்.எம்.எஸ். பினபோர்' என்ற கடற்படை நாடகத்துக்காகப் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கே சென்று, நெல்சனின் 'விக்டரி' கப்பலைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். எதைக் கேலி செய்கிறாரோ அதை அச்சுப்பிசகாமல் காட்டுவதே அவர் முறை.

லோட் சான்சலர் என்றால் யார்? அக்கால இங்கிலாந்திலே நீதித்துறையின் தலைவர் அவர். பிரபுக்கள் சபையிலே கம்பளிமயிர் அடைத்த ஆசனத்தில் அமர்ந்து தலைமை தாங்குபவரும் அவர். அமைச்சரவையிலும் அவருக்கு இடமுண்டு. அரசின் பெருமுத்திரையைக் காப்பவரும் அவரே. சட்டம் செய்யுமிடம், சட்டத்தை நடத்துமிடம், சட்டத்தைத் தீர்க்குமிடம் என்ற மூன்றிலும் கால்வைத்த ஒரே மனிதர். நாட்டிலே அதைவிடப் பெரிய பொய்முடி இல்லை எனலாம்.

அந்தப் பொய்முடியைச் சவோய் மேடையிலே அணிந்தவர் ஜோர்ஜ் குரொஸ்மித். மெலிந்த சிறிய உருவம். மேடைக்கு வருமுன் இலண்டன் போ வீதிப் பொலிஸ் நீதிமன்ற நிருபராகப் பத்திரிகைகளுக்கு எழுதியவர். எழுதியவரும் நீதிமன்றத்தைக் கண்டவர். நடித்தவரும் நீதிமன்றத்தைக் கண்டவர். அக்காலத்துப் புகைப்படங்களிலே குரொஸ்மித்தைப் பார்க்கும்போது, பாரிய பொய்முடியும் பொற்சரிகை அங்கியும் வந்து நிற்க, அவற்றுக்குள்ளே ஒரு சிறிய முகம் எட்டிப்பார்ப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பதவி பெரிது, ஆள் சிறிது என்பதைச் சொல்ல ஒரு வசனமும் வேண்டியிருக்கவில்லை. அப்பொய்முடியைத் தாங்கிக்கொண்டு அவர் மூச்சுவிடாத வேகத்திலே சொற்களை அடுக்கிப் பாடவேண்டும்; இரண்டு பிரபுக்களோடு சேர்ந்து துள்ளி ஆடவும் வேண்டும். நீதிமன்றத்துப் பொய்முடி அசையாது அமர்ந்திருப்பவருக்காகச் செய்யப்பட்டது. அதே வடிவம் துள்ளும்போது காண்பவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அதே மேடையிலே இன்னொரு தலையணியும் இருந்தது. நாடகத்தின் மற்றொரு கூட்டத்தார் தேவகன்னியர். றிச்சர்ட் டொய்லி கார்ட் என்பவர் கட்டிய சவோய் அரங்கு 1881 ஒக்டோபரிலே திறக்கப்பட்டபோதே ஏறத்தாழ 1200 மின்குமிழ்களால் புகழ்பெற்றிருந்தது. முழுக்க மின்னொளியால் விளங்கிய முதற் பொதுக் கட்டடம் அதுவே. 'ஐயொலாந்தி'யிலே தேவகன்னியர் சிலரின் கூந்தலில், உடைக்குள் மறைத்த பற்றரியினால் ஒளிரும் சின்னஞ்சிறு மின் நட்சத்திரங்கள் மின்னின. ஒருபுறம் வரப்போகும் நூற்றாண்டின் வெளிச்சத்தைத் தலையிலே சூடிய பெண்கள். மறுபுறம் கடந்துபோன நூற்றாண்டின் குதிரைமயிரைத் தலையிலே சுமந்த ஆண்கள். இந்தக் காட்சியிலேயே நாடகத்தின் பாதிக் கருத்து அடங்கிவிட்டது என்பேன்.

இனிக் கதைக்கு வருவோம். ஐயொலாந்தி என்னும் தேவகன்னி ஒரு மானிடனை மணந்தாள். மானிடனை மணக்கும் தேவகன்னி சாகவேண்டும் என்பது அவர்களது சட்டம். அரசி இரக்கங்கொண்டு, கணவனை இனி ஒருபோதும் சந்திக்கலாகாது என்ற நிபந்தனையோடு அவளை நாடுகடத்தினாள். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் அவளுக்கு மன்னிப்புக் கிடைக்கிறது. அவள் மகன் ஸ்ட்ரெபொன், இடுப்புவரை தேவன், இடுப்பின்கீழ் மானிடன், பிலிஸ் என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவளோ நீதிமன்றப் பாதுகாப்பிலுள்ள பெண். லோட் சான்சலரின் அனுமதியின்றி மணம்புரிய முடியாது. அவள்மேல் பிரபுக்கள் சபை முழுவதுக்கும் காதல். லோட் சான்சலருக்கும் காதல். பாதுகாவலராகிய தாம், தம்மிடமே விண்ணப்பித்து, தமக்கே அனுமதி வழங்கலாமா? இதுதான் அவருடைய சங்கடம். இரண்டாம் அங்கத்திலே, தம்மிடமே தாம் மனுச்செய்து, முதலிலே கடுமை காட்டி, பின்னர் இளகி, இறுதியிலே சம்மதம் பெற்றுக்கொண்ட செய்தியை மிக முறைப்படி அறிவிக்கிறார்.

சிரிக்கிறோம். ஆனால் இவ்விடத்தில் நாம் சிரிப்பது எதைக் கண்டு? தன் வழக்கிலே தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது நீதியின் முதற் பாடம். அந்தப் பாடத்தை மீறும் மனிதர் பொய்முடியை ஒருகணமும் கழற்றவில்லை. முறைகள் யாவும் ஒழுங்காகவே நடந்தன. நீதி மட்டும் நடக்கவில்லை. அதிகாரத்தின் சின்னம் தலையிலே சரியாக அமர்ந்திருக்க, அதன் கீழே அநீதி நிகழலாம் என்பதை இதைவிட மென்மையாக யாரால் சொல்லமுடியும்?

மகனுக்காக மன்றாட ஐயொலாந்தி முக்காடிட்டு வருகிறாள். தாயின் வேண்டுதல் அவர் மனத்தைத் தொடுகிறது. ஆயினும் பிலிஸைத் தாமே மணக்கப்போவதாகச் சொல்லிவிடுகிறார். அதற்குமேல் அவளுக்கு வேறு வழியில்லை. முகத்தை வெளிப்படுத்தினால் மரணம். வெளிப்படுத்தாவிட்டால் கணவன் தன் மகனின் காதலியையே மணப்பான். அவள் முக்காட்டை நீக்குகிறாள். இறந்துவிட்டாள் என்று எண்ணியிருந்த மனைவியை அவர் காண்கிறார். சலிவனின் இசை இவ்விடத்தில் பகிடியை அடியோடு விட்டுவிடுகிறது. முக்காடு நீங்கிய ஒரு முகமும், பொய்முடிக்குள் ஒளிந்திருந்த ஒரு முகமும் ஒன்றையொன்று நோக்குகின்றன. அவ்வளவு நேரமும் பதவியாக நின்றவர் அக்கணத்திலே மனிதராகிறார்.

அரசி தண்டனை விதிக்க முற்படும்போது ஏனைய தேவகன்னியரும் தாங்கள் பிரபுக்களை மணந்துகொண்டதாக ஒப்புக்கொள்கின்றனர். சட்டப்படி அனைவரும் சாகவேண்டும். அப்போது லோட் சான்சலர், ஆவணம் வரைந்து பழகிய பழைய சட்டத்தரணியாக, முன்வந்து ஒரு திருத்தம் சொல்கிறார். சட்டத்தினுள்ளே ஓர் எதிர்மறைச் சொல்லை மட்டும் சேர்த்துவிடுவோம்: மானிடனை மணக்காத தேவகன்னியே சாகவேண்டும். உயிர்கள் தப்பின. பிரபுக்களுக்கும் சிறகு முளைக்க, எல்லோரும் தேவலோகம் பறந்துவிடுகின்றனர்.

தமிழ் படித்த நமக்கு இவ்விடத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் நினைவு வராமற் போகாது. ஆராயாது தீர்ப்பளித்தான், தவறு தெரிந்தபோது குடையும் கோலும் சரிய, உயிரையே விட்டான். இளங்கோவடிகள் கண்ட நீதி அது. தவறிய சட்டத்துக்கு அங்கே உயிர் விலையாயிற்று. இங்கே ஒரு சொல் விலையாயிற்று. ஒன்று அவலம், மற்றது அங்கதம். ஆயினும், சட்டம் மனிதனுக்காகவா, மனிதன் சட்டத்துக்காகவா என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும் எழுகிறது.

லோட் சான்சலரின் திருத்தத்தைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போகவும் என் மனம் இடந்தரவில்லை. தமக்குத் தாமே அனுமதி வழங்கிக்கொண்ட அதே சாதுரியந்தான் இறுதியிலே உயிர்களைக் காத்தது. காப்பாற்றப்பட்டவர்களில் அவருடைய மனைவியும் ஒருத்தி. சட்டத்தை வளைக்கத் தெரிந்த கை நல்லதுக்கும் வளைக்கும், கெட்டதுக்கும் வளைக்கும். எதற்கு வளைக்கிறது என்பது பொய்முடியைப் பொறுத்ததன்று. அதன் கீழுள்ள மனத்தைப் பொறுத்தது. கில்பேர்ட் இதைச் சொல்லாமல் விட்டார். நாம் சிரித்து முடித்தபின் எண்ணிப்பார்க்க வைத்தார்.

இங்கே நாடகத்தின் வரலாற்றிலே உள்ள ஒரு செய்தி முக்கியமானது. ஸ்ட்ரெபொன் பாராளுமன்றம் புகுந்தபின் பாடுவதற்கென்று கில்பேர்ட் ஒரு பாடல் எழுதியிருந்தார். வறுமையிலே பிறந்து, கள்வர் நடுவே வளர்ந்தவன் கள்வனானால் அவனை இகழ நமக்கு என்ன தகுதி, அதே நிலையிலே பிறந்திருந்தால் நாமும் அப்படித்தானே ஆகியிருப்போம் என்பது அதன் கருத்து. நாடகம் தொடங்கிச் சிறிது காலத்திலேயே அப்பாடல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த இனிய மாலைப்பொழுதுக்கு அது பொருந்தாத கசப்பு என்று கருதினர். நேயர்களே, இதைச் சற்று எண்ணிப்பாருங்கள். நீதியாசனத்தில் அமர்ந்தவரின் பொய்முடியைப் பார்த்துச் சிரிக்கச் சபையோர் ஆயத்தமாக இருந்தனர். அந்த ஆசனத்தின் முன்னே குற்றவாளிக் கூண்டிலே நிற்கும் ஏழையைப் பற்றிக் கேட்க ஆயத்தமாக இல்லை. பெரிய தலைகள் தம்மீதான பகிடியைத் தாங்கிக்கொள்வர். அது அவர்களது பெருந்தன்மைக்கு விளம்பரமுங்கூட. தாங்கமுடியாதது மற்றது.

அந்தப் பகிடி ஆண்டு கடந்தும் ஓடியது. 398 முறை தொடர்ந்து மேடையேறியது. 1883 மே மாதத்திலே இசையமைத்த சலிவன் 'சேர்' பட்டம் பெற்றார். வசனமும் பாட்டும் எழுதிய கில்பேர்ட்டுக்கு அப்பட்டம் 1907 இலேதான் கிடைத்தது. இசைக்கு விரைந்து கிடைத்த பட்டம் எழுத்துக்கு இருபத்துநான்கு ஆண்டு தாமதமாயிற்று.

மேடையிலிருந்து நீதிமன்றத்துக்கே திரும்பிச் சென்ற ஒரு விசித்திரக் கதையும் உண்டு. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றப் பிரதம நீதியரசர் வில்லியம் ரென்குவிஸ்ட் கில்பேர்ட் - சலிவன் நாடகங்களிலே பெரும் பற்றுக் கொண்டவர். தமது ஊர்ப்பக்கத்தில் நடந்த 'ஐயொலாந்தி'யிலே லோட் சான்சலரின் உடையைக் கண்டு கவரப்பட்ட அவர், 1995 ஜனவரியிலே தமது கறுப்பு அங்கியின் ஒவ்வொரு கைக்கும் நான்கு பொற்பட்டைகள் வைத்துத் தைத்துக்கொண்டு ஆசனம் ஏறினார். 1999 இல் சனாதிபதி கிளின்டன்மீதான குற்றப் பிரேரணை விசாரணைக்குத் தலைமை தாங்கியபோதும் அதே பொற்பட்டை அங்கிதான் அவர்மேல் இருந்தது. நீதிமன்றத்தைப் பார்த்து மேடை செய்த உடையைப் பார்த்து நீதிமன்றம் உடை செய்துகொண்டது! 2005 இல் அவர் மறைந்தபின் பதவிக்கு வந்த ஜோன் ரொபேர்ட்ஸ் வெறும் கறுப்பு அங்கிக்கே மீண்டார்.

இங்கிலாந்திலும் காலம் மாறியது. 2003 இல் லோட் சான்சலராக வந்த பல்கனர் பிரபு பழைய பொய்முடியை அணிய மறுத்தார். 2005 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் அப்பதவியிலிருந்து நீதித்துறைத் தலைமையைப் பிரித்தெடுத்தது. 2006 முதல் பிரபுக்கள் சபைக்குத் தனியே ஒரு சபாநாயகர் வந்துவிட்டார். 2008 முதல் குடியியல், குடும்ப நீதிமன்றங்களின் நீதிபதிகள் பொய்முடியைக் கைவிட்டனர். 2009 இல் தொடங்கிய உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதிகள் வெறுந்தலையோடேயே அமர்கின்றனர். ஆயினும் குற்றவியல் வழக்குகளிலே பொய்முடி நிலைத்திருக்கிறது. அதைக் கழற்ற விரும்பாத சட்டத்தரணிகளும் உளர். தனிமனிதனின் முகத்தை மறைத்துப் பதவியை முன்னிறுத்துவது பொய்முடி. தீர்ப்பளிப்பவர் ஒருவரல்லர், சட்டமே என்று அது நினைவூட்டுகிறது என்பது அவர்களது வாதம். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆங்கிலேயர் ஆட்சியோடு அந்தப் பொய்முடி கடல்கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. உயர் நீதிமன்ற நீதியரசர்கள் விசேட அமர்வுகளிலே அதனை அணியும் மரபு இங்கும் இருந்துவந்தது. ஆகவே இதை அயலார் வீட்டுக் கதை என்று முழுதாக ஒதுக்கிவிடவும் முடியாது.

உண்மையான லோட் சான்சலர் அந்த ஆசனத்தைவிட்டு இறங்கிவிட்டார். மேடை லோட் சான்சலர் இறங்கவில்லை. 'ஐயொலாந்தி' எங்கே நடிக்கப்பட்டாலும் அந்த நீண்ட சுருள்முடி வேண்டும். பிரபுக்கள் சபையிலே வெற்றிடமாகிவிட்ட பொய்முடி நாடகக் குழுக்களின் பெட்டிகளிலே பத்திரமாக இருக்கிறது. சிரிப்பதற்காகச் செய்த பொருள், சிரிப்புக்குள்ளான பொருளைவிட நீண்டநாள் வாழ்கிறது. இன்றைய இளைஞன் ஒருவன் லோட் சான்சலரின் பழைய கோலத்தைக் கண்முன் காண விரும்பினால் நாடகமேடை அவனுக்கு உதவும்.

வகுப்பிலே நாடகம் படிக்கும் மாணவருக்கு நான் சொல்வது இதைத்தான். வேடத்தைச் சரியாகக் கட்டுங்கள். ஒரு சுருளும் பிசகக்கூடாது. அரைகுறையாகக் கட்டிய வேடம் வேடத்தைத்தான் கேலி செய்யும். செம்மையாகக் கட்டிய வேடமே அதனுள்ளே நிற்கும் மனிதனைக் காட்டும். கில்பேர்ட்டின் பொய்முடி அசல் பொய்முடியாகவே இருந்தபடியால்தான், அதன் கீழே ஒரு கணவனின் முகம் வெளிப்பட்ட அந்தக் கணம் இன்றும் நம்மைத் தொடுகிறது. நீதி கேட்டு வாசலிலே நிற்பவர்கள் தேடுவதும் அந்த முகத்தைத்தான். ஐயொலாந்திக்கு அது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. கூண்டிலே நிற்கும் ஏழைக்காகக் கில்பேர்ட் எழுதிய பாடலுக்கோ மேடையிலே இடம் நிலைக்கவில்லை.